வெள்ளிச் சாயத்தில் தெரிந்த சிக்கு

"வயசானா மறதி சகஜம்தானே டாக்டர்?"
ஓபியில் அடிக்கடி வரும் கேள்வி இது.
ஒரு பழைய கதை சொல்றேன், வாங்க.

1901, ஜெர்மனியின் பிராங்க்பர்ட்.
அகஸ்ட் டீட்டர் என்ற பெண்மணியை மனநல மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.
வயது 51தான். தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியிலேயே மறந்துவிடுகிறது.

1906இல் அவர் இறந்ததும், டாக்டர் அல்சைமர் அவரது மூளைக்கு வெள்ளிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.
நரம்பு செல்களுக்குள் நூல் நூலாகச் சிக்கு!

அது என்ன நூல்?
விடை கிடைக்க ஏறக்குறைய 80 வருஷம் ஆச்சு.

1975இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மார்க் கிர்ஷ்னர் குழு "டௌ" என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது.
நரம்பு செல்லுக்குள் சரக்கு போகும் தண்டவாளம் மைக்ரோட்யூபியூல். அதைக் குலையாமல் பிடித்து வைப்பது டௌ.
நல்ல புரதம்தாங்க.

1980களின் நடுவில்தான் தெரிந்தது, அந்தச் சிக்கும் இதே டௌதான் என்று!

நல்லது எப்படிக் கெட்டது?
கைனேஸ் என்சைம்கள் டௌ மீது பாஸ்பேட்டை ஒட்டும். பாஸ்படேஸ்கள் அதைக் கழற்றும்.
இந்தக் கணக்கு தப்பி பாஸ்பேட் மிகுந்தால், டௌ தண்டவாளத்தை விட்டுக் கழன்று, ஒன்றோடொன்று ஒட்டி நூலாகிறது.

1990களில் நியூயார்க்கின் இக்பால் தம்பதியர் குழு இன்னொன்றும் காட்டியது.
கெட்ட டௌ, நல்ல டௌவையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும்!

அதனால், வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்டால் திட்டாதீங்க. வேணும்னே செய்யலை.
பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வாலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு.
"வயசாயிடுச்சு"ன்னு விட்டுடாம, டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க.