மூத்தோரை உட்கார வைப்பதுதான் மரியாதையா? உடற்பயிற்சியும் முதுமையின் நோய் எதிர்ப்புச் சக்தியும்

"நீங்க சும்மா இரிங்க வாப்பா, நாங்க பாத்துக்கொள்றோம்." அறுபதைக் கடந்தவர்கள் வாழும் நமது வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. வாப்பா கடைக்குப் போக வேண்டாம், உம்மா தண்ணீர் வாளி தூக்க வேண்டாம். பள்ளிவாசல் நானூறு மீற்றர் தூரத்தில் இருந்தாலும் பேரன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவான்.

பெற்றோருக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் இப்படிச் செய்கிறோம். ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டு மருத்துவ ஆய்வுகளைப் பார்க்கும்போது, அசையாமல் உட்கார வைப்பது அவர்களுக்குக் கொடுக்கும் ஓய்வல்ல, அவர்களை நோய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும் காரியம் என்பது தெளிவாகிறது.

அணையாத சிறு நெருப்பு

கையில் ஒரு காயம் பட்டால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகிறது. இதுதான் அழற்சி. கிருமிகளை எதிர்க்கவும் காயத்தை ஆற்றவும் உடல் எடுக்கும் நடவடிக்கை இது. வேலை முடிந்ததும் அடங்கிவிடும். காய்ச்சல் வந்தால் வைத்தியர் எழுதித் தரும் சீ.ஆர்.பி. இரத்தப் பரிசோதனை இந்த அழற்சியைத்தான் அளக்கிறது.

வயது ஏற ஏற, காயமோ கிருமியோ இல்லாதபோதும் இந்த நெருப்பு முழுமையாக அணையாமல் சிறிய அளவில் எரிந்துகொண்டே இருக்கும். இத்தாலிய விஞ்ஞானி குளோடியோ பிரான்செஸ்கி 2000ஆம் ஆண்டில் அழற்சி, முதுமை என்ற இரு சொற்களையும் இணைத்து இதற்கு ஒரு பெயர் சூட்டினார். மாரடைப்பு, நீரிழிவு, தசை இழப்பு, மறதி நோய் ஆகியவற்றுடன் இதற்குத் தொடர்பு உண்டு. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இந்த நெருப்புக்கு எண்ணெய் வார்க்கிறது.

இதே காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தியும் முதுமை அடைகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சிறிய சுரப்பி இருக்கிறது. கிருமிகளோடு போராடும் டீ கலங்கள் அங்கேதான் பயிற்சி பெற்று வெளிவருகின்றன. இளமைக்குப் பிறகு இச்சுரப்பி சுருங்கி, அதன் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. புதிய படைவீரர்கள் குறைந்து, களைத்துப்போன பழைய வீரர்களே மிஞ்சுவார்கள். முதியவர்களுக்குச் சாதாரண தடிமல்கூட நியுமோனியாவாக மாறுவதற்கும், தடுப்பூசி இளைஞர்களில் போல வேலை செய்யாமல் இருப்பதற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

தசையும் மருந்து சுரக்கும்

தசை என்பது பாரம் தூக்க மட்டும்தான் என்று நீண்டகாலம் கருதப்பட்டது. டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் பென்டே பெடர்சன் என்ற பெண் மருத்துவ விஞ்ஞானியின் குழு இந்தக் கருத்தை மாற்றியது. வேலை செய்யும் தசை இன்டர்லூகின்-6 என்ற பொருளை இரத்தத்தில் விடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். இப்படித் தசை சுரக்கும் பொருட்களுக்கு மயோகைன்கள் என்று பெயர்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இதே இன்டர்லூகின்-6 நாள் முழுவதும் இரத்தத்தில் உயர்ந்தே இருந்தால் அது அழற்சியின் அடையாளம். உடற்பயிற்சியின்போது சற்று நேரம் உயர்ந்து இறங்கினால் அதன் வேலை வேறு. அழற்சியை அடக்கும் பொருட்களை உடல் சுரக்க அது தூண்டுகிறது. ஒவ்வொரு நாள் நடையும் அந்தச் சிறு நெருப்பின் மீது ஊற்றும் ஒரு குவளைத் தண்ணீர் போன்றது. ஒரு நாள் ஊற்றிவிட்டு நிறுத்தினால் பயனில்லை.

ஆய்வுகள் காட்டுவது

2018இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து, 55 முதல் 79 வயது வரையான 125 பேரை ஆராய்ந்தன. வாழ்நாளின் பெரும்பகுதியில் சைக்கிள் ஓட்டியவர்கள் அவர்கள். ஆண்களானால் 100 கிலோமீற்றரை ஆறரை மணித்தியாலத்துக்குள்ளும், பெண்களானால் 60 கிலோமீற்றரை ஐந்தரை மணித்தியாலத்துக்குள்ளும் ஓட்டி முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. தைமஸிலிருந்து புதிதாக வெளிவரும் டீ கலங்கள் அவர்களின் இரத்தத்தில் இளைஞர்களுக்கு நிகரான அளவில் இருந்தன. உடற்பயிற்சி செய்யாத அதே வயதினரில் அவை குறைந்திருந்தன.

ஆனாலும் களைத்துப்போன பழைய கலங்கள் சேர்வதில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. உடற்பயிற்சி முதுமையின் எல்லா வாசல்களையும் அடைத்துவிடுவதில்லை.

நாம் எல்லோரும் 100 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டப் போவதில்லை. அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் அதுவரை உடற்பயிற்சியே செய்யாத 144 முதியவர்கள் பத்து மாதம் பயிற்சி பெற்றார்கள். ஒரு குழுவுக்கு இதயத் துடிப்பைக் கூட்டும் பயிற்சி, மற்றக் குழுவுக்கு உடலை வளைத்து நீட்டும் மென்பயிற்சி. இரு குழுவுக்கும் இன்புளுவென்சா தடுப்பூசி ஏற்றப்பட்டது. 24 வாரங்களுக்குப் பிறகு, முதற்குழுவில் கூடுதலானோரிடம் தடுப்பூசியின் பாதுகாப்பு நீடித்திருந்தது. முதுமையில் தொடங்கினாலும் பலன் உண்டு என்பதற்கு இது சான்று.

இதன் மறுபக்கத்தை 2013இல் வெளிவந்த கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. ஆரோக்கியமான முதியவர்கள் பத்துப் பேர் இரண்டு வாரங்களுக்குத் தமது நடையை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். அதற்குள்ளேயே கால் தசை சுமார் 4 சதவீதம் குறைந்தது. இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் உயர்ந்தன. இதற்குப் போதுமாக இருந்தது வெறும் பதினான்கு நாட்கள்தான்.

நமது வீடுகளும் பள்ளிவாசல்களும்

ஐவேளை தொழுகையே போதுமான உடற்பயிற்சி என்று சிலர் சொல்வதுண்டு. தொழுகை இபாதத். ருகூஉவும் ஸுஜூதும் மூட்டுகளுக்கும் சமநிலைக்கும் நன்மை தருகின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு இதயத்தை வேலை செய்ய வைப்பது பள்ளிக்குப் போய்வரும் நடைதான். அந்த நடையைத்தான் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் எடுத்துக்கொண்டன. பள்ளிகளில் கதிரை வரிசைகள் நீள்வதையும் காண்கிறோம். முழங்கால் நோயாளிகளுக்குக் கதிரை தேவைதான். ஆனால் கால் தசை மெலிந்ததால் எழும்ப முடியாமல் போனவர்களுக்குச் சரியான பயிற்சி மீண்டும் பலம் தரக்கூடும்.

பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. மகள்மார் சமையலறையைப் பொறுப்பேற்றதும் உம்மாவின் அசைவு கட்டிலுக்கும் கதிரைக்கும் இடையில் சுருங்கிவிடுகிறது. வீதியில் நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் இருக்கிறது. இத்தா இருக்கும் விதவைத் தாயை நான்கு மாதமும் பத்து நாளும் ஓர் அறைக்குள்ளேயே முடக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் நடமாடுவதை மார்க்கம் தடுக்கவில்லை என்பதை உலமாக்கள் குத்பாக்களில் எடுத்துச் சொன்னால் அது பெரும் உதவி. இரண்டு வாரத்துக்கே உடல் இவ்வளவு மாறுமென்றால் நான்கு மாதத்துக்கு என்ன ஆகும் என்று சிந்திக்க வேண்டும்.

எவ்வளவு, எப்படி?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல்படி, 65 வயதைக் கடந்தவர்களுக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடப்பதே மிதமானது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம் போதும். அதையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம்.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி தேவை. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவது ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம். விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சி மூன்று நாள் நல்லது.

இதய நோய் உள்ளவர்களும் இன்சுலின் அல்லது சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் தமது வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் பொருத்தமான பாதணி அணிந்து, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். காய்ச்சலின்போது பயிற்சி வேண்டாம். நெஞ்சுவலியோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்தி வைத்திய உதவி பெற வேண்டும். உடற்பயிற்சி தடுப்பூசிக்கோ மருந்துக்கோ பதிலாகாது.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவதில் பிள்ளைகளாகிய நமக்கும் பங்கு உண்டு. அஸருக்குப் பிறகு வாப்பாவோடு சேர்ந்து நடக்கலாம். உம்மாவுக்கு ஒரு நல்ல பாதணி வாங்கிக் கொடுத்து, மகளோ மருமகளோ துணைக்குப் போகலாம். பள்ளி நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் பெண்கள் தயக்கமின்றி நடக்க ஒரு மைதானத்தையும் ஒரு நேரத்தையும் ஒதுக்கலாம். பெரிய செலவில்லாத பணிவிடைகள் இவை.

நமது பெற்றோருக்கு அல்லாஹ் ஆரோக்கியமான நீண்ட ஆயுளைத் தருவானாக.