நாய் கவ்விய கபாலம்

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். காஞ்சியை ஆண்ட பல்லவன் மகேந்திரவர்மன் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினான். பெயர் 'மத்தவிலாசம்', களமும் காஞ்சியே. குடிமயக்கத்தில் உள்ள காபாலிகன் ஒருவன், பிச்சையேற்கும் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். எங்கே வைத்தோம் என்று எண்ணிப் பார்த்தானா? இல்லை! எதிரே வருகிறான் ஒரு புத்தத் துறவி. ஆடைக்குள்ளே எதையோ மறைத்திருக்கிறான். போதாதா? அவனே கள்வன்! துறவி தன் ஓட்டை எடுத்துக் காட்டுகிறான். 'நிறத்தை மாற்றிவிட்டான்' என்று சாதிக்கிறான் காபாலிகன். இறுதியில் வெளிப்படும் உண்மை என்ன? கபாலத்தில் இருந்த இறைச்சிக்காக அதைக் கவ்விச் சென்றது, ஒரு நாய்!

நகைக்கிறோம். ஆனால், நகைப்பு அடங்கியதும் நெஞ்சிலே ஒரு கேள்வி எழுகிறது. அந்தக் காபாலிகன் கையிலே வெடிகுண்டு இருந்திருந்தால்?

கேள்வி கற்பனையன்று. கோவை மாநகர் அதற்குக் குருதியால் விடை எழுதியது.

1992 திசம்பர் 6: அயோத்தியிலே பாபர் மசூதி இடிக்கப்பட்டது. 1993 ஆகஸ்டு 8: சென்னைச் சேத்துப்பட்டிலே ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்துப் பதினொருவர் மாண்டனர். 1997 நவம்பர் 29: கோவை உக்கடத்திலே போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் சிலர்; பழியோ ஒரு சமூகத்தின்மீது விழுந்தது. தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டனர், கடைகள் சூறையாடப்பட்டன. இரண்டரைத் திங்கள் கழிந்தது. 1998 பிப்ரவரி 14 அன்று நகரெங்கும் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மடிந்தனர். இருநூற்றுக்கு மேற்பட்டோர் படுகாயமுற்றனர். கடைவீதிக்கு வந்தவர், வழியே நடந்தவர், மருத்துவமனையில் நின்றவர், இவர்களில் எவர் அந்தக் காவலரைக் கொன்றார்? எவர் அந்தப் பதினெண்மரை மாய்த்தார்? எவருமில்லை! துறவியின் ஓட்டைக் காபாலிகன் பறிக்க முயன்ற அதே நியாயம்தான் இங்கும். ஒருவன் செய்தான்; ஆகவே, அவனைப் போன்ற பெயருடைய அனைவரும் செய்தனர்!

வன்முறைக்கு வித்து வறுமை என்பர். அதுவே முழு விடையென்றால், பட்டு நெய்தும் பட்டினி கிடந்த காஞ்சி நெசவாளி எத்தனை குண்டு வீசியிருக்க வேண்டும்? கல்வியின்மை என்பர். 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முதல் நாள், உக்கடம் கோட்டை ஈசுவரன் கோயில் எதிரே காருக்குள் சிலிண்டர் வெடித்து மாண்ட இளைஞர் பொறியியல் படித்தவர் என்றே செய்திகள் கூறின. பட்டம் பகுத்தறிவு ஆகிவிடாது, தோழர்களே!

நாம் காணும் காரணங்கள் மூன்று. ஆறாத ஒரு புண். அதை ஆற்றும் நீதி வராது என்ற அவநம்பிக்கை. அந்தப் புண்ணைக் கிளறி, 'உன் துயருக்கு இவனே காரணம்' என்று விரல் நீட்டும் ஒரு தலைவன். மூன்றும் கூடினால், நேற்றுவரை பக்கத்துக் கடையில் தேநீர் அருந்தியவன் இன்று அந்தக் கடைக்கே தீ வைக்கிறான்.

தடுக்க வழி உண்டா? உண்டு. முதலாவது, நடுவுநிலை தவறாத நீதி. காஞ்சி வரதராசர் கோயிலிலே, எந்தப் பாடலை யார் ஓதுவது என்று வடகலையாரும் தென்கலையாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நீதிமன்றப் படியேறி இறங்குகின்றனர். இடையே கைகலப்பும் நேர்ந்ததுண்டு. நாம் எள்ளி நகையாடும் வழக்குத்தான். எனினும், பாடை கட்டுவதைவிட வக்கீலுக்குக் கட்டணம் கட்டுவது மேல்! கோவை வழக்கிலே 2007இல் 166 பேரைத் தனித்தனியே ஆராய்ந்து, 158 பேரைக் குற்றவாளிகள் என்றும் எண்மரைக் குற்றமற்றவர் என்றும் தீர்ப்பளித்தது தனி நீதிமன்றம். கும்பல் அப்படிப் பிரித்துப் பார்க்குமா? ஆனால், அந்த நீதி வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. தாழ்ந்து வரும் நீதி, வெறியனுக்குத் தரும் விளைநிலம்.

இரண்டாவது, சினம் கொதிக்கும் நாளில் சொந்தக் கூட்டத்தைத் தடுக்கும் துணிவு. 1948 சனவரி 30 அன்று காந்தியார் கோட்சேயால் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைஞன் பார்ப்பனன் என்றறிந்ததும் மராட்டியத்திலே பார்ப்பனர் வீடுகள் எரிந்தன. பார்ப்பனிய எதிர்ப்பு ஓங்கியிருந்த தமிழகத்திலே என்ன நேர்ந்திருக்கலாம்? பெரியார் அமைதி காக்க வேண்டினார்; காந்தியார் பெயரையே நாட்டுக்குச் சூட்டலாம் என்றார். கொள்கைப் பகையைக் கொலைப் பகையாக மாறவிடாத கண்ணியம் அது.

மூன்றாவது, வெடிக்கும் முன்பும் வெடித்த பின்பும் அண்டை வீட்டாரிடம் செல்வது. 2022 நவம்பரிலே கோவை ஜமாஅத்தார் அதே கோட்டை ஈசுவரன் கோயிலுக்குச் சென்று அங்குள்ளோரைக் கண்டு பேசினர். ஆண்டவனை நாம் நம்புவதில்லை. அந்த நடையை நம்புகிறோம். அன்று அவர்கள் கடந்தது சில தெருக்களையன்று. முப்பது ஆண்டு அச்சத்தை.

நமக்கும் ஒரு பாடம் உண்டு; அதை மறைப்பது நேர்மையன்று. மதத்தை ஆராய்வது வேறு. மதத்தினரை வெறுப்பது வேறு. முன்னது பகுத்தறிவு; பின்னது காபாலிகன் வேலை. நம் பேச்சு, நம் எழுத்து, என்றேனும் இந்தக் கோட்டைத் தாண்டியதா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்க வேண்டும்.

காஞ்சித் தறியிலே சேலையின் உடல் ஒரு நிறம். கரை மற்றொரு நிறம். தனித்தனி நாடாக்கள் ஓட, நெசவாளி ஒருபுறமும் துணையாள் மறுபுறமும் இருந்து, இழையோடு இழை கோத்து இணைக்கின்றனர். கோர்வை என்பது அதன் பெயர். நிறம் ஒன்றாவதில்லை, சேலை ஒன்றாகிறது. ஒருவர் கை ஓய்ந்தாலும் கோர்வை நடவாது.

ஊரில் நாளை ஒரு கபாலம் காணாமற் போகும். 'அவன்தான் கள்வன்' என்று ஒருவன் கூவுவான். அவ்வேளை, முதலில் நாயைத் தேடுவோம் என்று சொல்ல ஓர் இளைஞன் வேண்டும். அவன் நம்மிலிருந்து எழட்டும்!