முதன்மைநிலை மூன்றும் கைவழி அறிவியலும்: 1999 சீர்திருத்தத்தின் ஒரு மறுவாசிப்பு

இலங்கையில் 1999இல் நாடளாவ நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் செம்மையானது, ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையே அதைக் குலைத்தது என்பது ஆய்வாளரிடையே நிலைத்துவிட்ட கருத்து. ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் பாடம் கொழும்புத் தமிழ் வகுப்பறைகளில் செயற்பாடு குன்றிப்போனதற்கும் இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. வெள்ளவத்தையின் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளையும் பின்னேர வகுப்புகளையும் பார்ப்பவருக்கு இவ்விளக்கம் போதுமானதாகவே தோன்றும். எனினும் காலவரிசை இடிக்கிறது. அப்பரீட்சை 1940களிலிருந்தே இருந்துவருவது. சீர்திருத்தத்தை வகுத்தோர் அதை அறிந்தே எழுதினர். ஆகவே, பழியில் ஒரு பங்கு அவர்கள் வகுத்த திட்டத்துக்கும் உரியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இங்கு கேள்விக்குரியது, அத்திட்டத்தில் கற்றல் முறைகளைப் பங்கிடும் பகுதி. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்றும் எல்லாத் தரங்களுக்கும் உரியவை. அழுத்தம் மட்டுமே மாறும். முதன்மைநிலை ஒன்றில் (தரம் 1, 2) விளையாட்டு மேலோங்கும். இரண்டில் (தரம் 3, 4) மூன்றும் சமம். மூன்றில் (தரம் 5) எழுத்துவேலை மேலோங்கும். பிள்ளையின் வளர்ச்சிக்கேற்ற படிமுறை என்றே இதை முன்னையோர் வாசித்தனர். மொழிப் பாடத்துக்கு அவ்வாசிப்பு பொருந்தலாம். அறிவியலுக்குப் பொருந்தாது என்பதற்கு அதே பாடத்திட்டமே சான்று. நீர், ஒளி, ஒலி போன்ற கருப்பொருள்கள் ஆண்டுதோறும் மீண்டும் வந்து ஆழமாகின்றன. கருப்பொருள் மிக ஆழமாகும் ஆண்டில்தான் கைக்குரிய நேரம் மிகக் குறுகுகிறது. இந்த முரணை முன்னை வாசிப்பு கவனிக்கவில்லை.

மிதத்தலும் அமிழ்தலும் இதைத் தெளிவாக்கும். முதலாந் தரப் பிள்ளை பொருள்களை நீரிலிட்டு, மிதப்பவை, அமிழ்பவை எனப் பிரித்தால் போதும். ஐந்தாந் தரப் பிள்ளையின் கேள்வி ‘ஏன்’ என்பது. முட்டை நன்னீரில் அமிழும், உப்புநீரில் மிதக்கும் என்பது சிறுவர் அறிவியலில் எங்கும் வழங்கும் வாக்கியம். அதை எழுதிப் பழகிய பிள்ளை, வெள்ளவத்தைக் கடல்நீரை ஒரு வாளியில் எடுத்துப் புதிய கோழிமுட்டையை இட்டுப் பார்க்கட்டும்: முட்டை அமிழும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பே உண்டு; முட்டை மிதக்க அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் வேண்டும். உப்பைக் கரண்டி கரண்டியாகக் கரைத்து, முட்டை எழும் அளவைக் குறித்துக்கொள்ளும் பிள்ளைக்கு ‘உப்புநீர்’ என்ற ஒற்றைச் சொல்லின் இடத்தில் அளவு என்னும் எண்ணம் பிறக்கிறது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் துறைமுகம் இருக்கிறது. இரும்பு ஆணி அமிழ, இரும்புக் கப்பல் மிதப்பது ஏன் என்பதும் அங்குள்ள பிள்ளைக்கு அன்றாடக் கேள்விதான். தகரப் பேணியொன்றில் கூழாங்கற்களை ஏற்றி, எத்தனைக்கு அது மூழ்குகிறது என்று பார்த்து, பேணியை மாற்றி மீண்டும் முயல்வதே அவ்வயதுக்குரிய பொறியியல்.

உளவியல் ஆதாரமும் இப்பக்கமே சாய்கிறது. இன்ஹெல்டரும் பியாஜேயும் 1955இல் வெளியிட்ட நூலில் மிதக்கும் பொருள்கள் பற்றி ஓர் அத்தியாயமே உண்டு. பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள் பொருள்களைக் கையாண்டவாறே தம் விளக்கங்களின் முரண்களைக் களைய முயல்வதை அது காட்டுகிறது. வயதெல்லைகள் பற்றிய பிந்திய ஐயங்களை ஏற்றாலும், ஐந்தாந் தரத்தில் பொருளை விலக்க அதில் நியாயம் கிடைக்காது.

நெரிசலான நகரப் பாடசாலையில் செயற்பாட்டுக்கு இடமில்லை என்பர்; வாளிக்கும் முட்டைக்கும் ஆய்வுகூடம் தேவையில்லை. எழுத்துப் பயிற்சி குறையும் என்பர். அவதானித்ததைப் பதிவதும் எழுத்துதான். பரீட்சையின் அழுத்தத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பரீட்சை நாளையே நீங்கினாலும், எழுத்துவேலைக்கு முதலிடம் தரும் பங்கீடு எஞ்சும். அதைப் பின்பற்றும் ஆசிரியர் விதிப்படியே நடப்பவராவார்.

ஆகவே, பாடத்திட்டத்தைத் திருத்துவோர் பரீட்சையை மாற்றுவதோடு நின்றுவிடலாகாது. அறிவியல் சார்ந்த கருப்பொருள்களிலேனும் ஐந்தாந் தரத்தில் செயற்பாடே மேலோங்க வேண்டும் என்று வெளிப்படையாக விதிக்க வேண்டும்.