கிரீன் ரிவர்: ஓர் இசைக்குழுவின் பற்றுவரவு

"வியாபாரப் புத்தி" என்பதைக் கலை உலகத்தார் ஒரு வசவாகவே வழங்கி வருகிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். அந்தச் சொல் காதில் விழுந்தால், யாரை, எதற்காகச் சொன்னார்கள் என்று விசாரிக்காமல் நகர மனம் வருவதில்லை. அப்படி விசாரிக்கப் போய்க் கண்டதே அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து 'கிரீன் ரிவர்' என்னும் இசைக்குழுவின் வரலாறு. 1984இல் தோன்றி 1987இல் கலைந்துபோன குழு அது. இந்த வயசில் இவருக்கு எதுக்கு ராக் இசை என்று அன்பர்கள் சிரிக்கலாம். பாட்டுக்கு மார்க் போட நான் வரவில்லை. கணக்கைப் பார்க்கவே வந்தேன்.

ஊரும் காலமும்

சியாட்டில், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் துறைமுக நகரம். போயிங் விமானத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த ஊர். 1970, 1971 ஆண்டுகளில் அந்த நிறுவனம் பல்லாயிரம் பேரை வேலையை விட்டு அனுப்பியபோது ஊரே ஆட்டம் கண்டது. பெரிய நகரங்களிலிருந்து வெகுதூரம் என்பதால், ஊர் ஊராகப் போய் வாசிக்கும் பேர்பெற்ற குழுக்கள் பலவும் இங்கே எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடும். போதாக்குறைக்கு 1985இல் நகராட்சி ஒரு சட்டம் போட்டது. இளவயதினருக்கு ஆட்டபாட்ட நிகழ்ச்சி நடத்துவோர் 10 லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும், காவலுக்கும் ஆள் வைக்க வேண்டும் என்றது. சின்னப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 2002 வரை அந்தச் சட்டம் நீடித்தது.

வெளிச்சரக்கு வராத சந்தையில் உள்ளூர்ச் சரக்குதான் விளையும். மதுக்கடைகளிலும், வீட்டு நிலவறைகளிலும், வாடகைக் கூடங்களிலும் வாசித்து, தாங்களே கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு வட்டம் அங்கே உருவாயிற்று.

குழுவின் பிறப்பு

1970களின் நடுவில் எழுந்த 'பங்க்' இசை வேகமானது, முரட்டுத்தனமானது, தேர்ந்த வித்துவம் தேவையில்லை என்று சொன்னது. 'ஹெவி மெட்டல்' இசையோ கனத்தது. இரண்டுக்கும் ஆகாது, ரசிகர்களும் தனித்தனி. இந்த இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிளறியவர்களில் முன்வரிசையில் நின்றது கிரீன் ரிவர். பாடியவர் மார்க் ஆர்ம். கிதார் ஸ்டீவ் டர்னர், ஸ்டோன் கோஸார்ட். பேஸ் கிதார் ஜெஃப் அமென்ட். டிரம்ஸ் அலெக்ஸ் வின்சென்ட். இந்தக் கலவைக்குப் பின்னாளில் 'கிரஞ்ச்' என்று பெயர் வந்தது. அழுக்கு, கசடு என்று பொருள்படும் பேச்சுச் சொல் அது. 1981இலேயே மார்க் ஆர்ம், தாம் அப்போதிருந்த குழுவைத் தாமே கேலி செய்து ஒரு சிற்றிதழுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். குழுவின் பெயரும் சுபப் பெயர் அல்ல. 1982 முதல் கொலையுண்ட பெண்களின் உடல்கள் கிடந்து ஊரையே நடுங்கவைத்த ஆற்றின் பெயர் அது. கொலைகாரன் பிடிபட்டது 2001இல்தான்.

சரக்கும் சந்தையும்

1985இல் நியூயார்க் பக்கத்து 'ஹோம்ஸ்டெட்' என்னும் சிறு நிறுவனம் இவர்களது முதல் இசைத்தட்டான 'கம் ஆன் டவு'னை ஏற்றுக்கொண்டது. அதை விளம்பரப்படுத்தக் குழு நாடு முழுக்கப் பயணம் கிளம்பியது. ஆனால் தட்டு வெளியாவதில் தாமதம். சரக்கு கடைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் ஆர்டர் பிடிக்கிறவன் போய் நின்றால் என்ன ஆகும்? நம் அன்பர்களில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு விளக்க வேண்டாம். பயணம் எடுபடவில்லை. அதே ஆண்டில், குழு மெட்டல் பக்கம் ரொம்பச் சாய்கிறது என்று ஸ்டீவ் டர்னர் விலகினார். அவர் இடத்துக்கு புரூஸ் ஃபேர்வெதர் வந்தார்.

1986இல் 'டீப் சிக்ஸ்' என்ற தொகுப்புத் தட்டு வந்தது. கிரீன் ரிவர், சவுண்ட்கார்டன், மெல்வின்ஸ் உள்ளிட்ட ஆறு உள்ளூர்க் குழுக்கள் அதில் இருந்தன. இன்று வரலாற்று ஆவணமாகப் போற்றப்படும் அது, அன்று மெள்ள மெள்ளத்தான் விற்றது. அதே 1986இல் ஜாக் எண்டினோ என்னும் ஒலிப்பதிவாளரிடம் 'டிரை அஸ் எ போன்' பதிவானது. வெளியிட முன்வந்தவர் 'சப் பாப்' நிறுவனத்து புரூஸ் பாவிட். ஒலிப்பதிவு தயார், கைமுதல் இல்லை! ஒரு வருஷம் காத்திருந்து, 1987 நடுவில்தான் தட்டு கடைக்கு வந்தது. தனியொரு குழுவுக்காக சப் பாப் போட்ட முதல் வெளியீடு அதுவே.

பிளவு

1987 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் 'ஜேன்ஸ் அடிக்ஷன்' குழுவுக்கு முன்னால் வாசிக்க ஒரு வாய்ப்பு. இலவச அனுமதிப் பட்டியலில் நண்பர்களைச் சேர்க்கலாம் என்று மார்க் ஆர்ம் நினைத்தார். ஜெஃப் அமென்டோ பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் ஆட்களை எழுதி வைத்திருந்தார். எழுதியவர்களில் இரண்டே பேர்தான் வந்தார்களாம். வந்தவர்கள் எத்தனையோ, மனக்கசப்பு முழுசாக வந்துவிட்டது. அந்த மாதக் கடைசியிலேயே குழு முடிந்தது. 'ரீஹாப் டால்' தட்டு 1988இல் வெளியானபோது அதை வாசித்த குழு இல்லை.

அமென்டும் கோஸார்டும் வியாபாரப் புத்திக்காரர்கள், ஆர்ம் கொள்கைக்காரர் என்று அன்றைக்கு எழுதப்பட்ட தீர்ப்பு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேரேட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டாமல் எழுதிய தீர்ப்பு என்பேன்.

கடைசிப் பக்கங்கள்

ஆர்ம், டர்னருடன் மறுபடி சேர்ந்து 1988இல் 'மட்ஹனி'யைத் தொடங்கினார். சப் பாப் நிமிர்ந்து நின்றதில் அந்தக் குழுவுக்குப் பெரும் பங்கு. ஆனால் 1992இல் மட்ஹனியும் வார்னர் குடும்பத்து 'ரிப்ரைஸ்' என்னும் பெரிய நிறுவனத்துக்குத்தான் போனது. பத்தாண்டு கழித்து சப் பாப்புக்கே திரும்பியது. மார்க் ஆர்ம் பின்னர் பல ஆண்டுகள் அந்த நிறுவனத்தின் கிடங்குப் பொறுப்பைப் பார்த்தார். பாடகர் ஒருவர் தம் தட்டுகளைத் தாமே பெட்டி கட்டி அனுப்பினார் என்பதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் தனி மரியாதை வந்தது.

அமென்ட், கோஸார்ட், ஃபேர்வெதர் மூவரும் 'மதர் லவ் போன்' குழுவில் சேர்ந்து பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தமும் பெற்றார்கள். முதல் முழுத் தட்டு வெளிவருமுன்பே, 1990 மார்ச்சில், பாடகர் ஆண்ட்ரூ வுட் போதை மருந்தால் இறந்துபோனார். ஆசைப்பட்ட வாசல் திறந்த நேரத்தில் வீட்டில் இழவு. அந்தத் துக்கத்திலிருந்து எழுந்து அமென்டும் கோஸார்டும் அமைத்ததே 'பேர்ல் ஜாம்'. 1991இல் வந்த அவர்களது முதல் தட்டு 'டென்' கோடிக்குமேல் விற்றது.

இப்போது வியாபாரப் புத்தி என்ன செய்தது? 1994 ஜூன் 30 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் இதே இருவரும் போய் உட்கார்ந்து, 'டிக்கெட்மாஸ்டர்' நிறுவனம் நுழைவுச்சீட்டு விற்பனையைத் தன் கைக்குள் வைத்திருப்பதாகச் சாட்சியம் சொன்னார்கள். சீட்டு 18 டாலர், அதன்மேல் சேவைக் கட்டணம் 1.80 டாலருக்கு மேல் கூடாது என்பது அவர்கள் கேட்டது. அந்தக் கோடைகாலப் பயணத்தையே ரத்துசெய்து வருமானத்தை இழந்தார்கள். 1995இல் அரசு விசாரணையை மூடிவிட்டது. வழக்கில் வெற்றி இல்லை. 1998இல் அவர்களும் பழைய விற்பனைமுறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஆனாலும், வாடிக்கையாளன் பாக்கெட்டிலிருந்து இவ்வளவுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று தன் லாபத்துக்கே ஒரு எல்லை கட்டியவனை வியாபாரி என்று தாராளமாகச் சொல்லலாம். அது வசவாகாது.

சந்தைக்குப் போக ஆசைப்பட்டதே குற்றம் என்பது சரியான அளவுகோல் அல்ல. இரு தரப்பும் சந்தைக்குப் போனார்கள். போன இடத்தில் எது வரை என்று கோடு போட்டார்களா என்பதே கேள்வி. ஒருவர் கிடங்கில் நின்று போட்டார். இருவர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து போட்டார்கள்.

பகையும் நிலைக்கவில்லை. 1993இல் பேர்ல் ஜாம் மேடையிலும், 2008இல் சப் பாப்பின் இருபதாண்டு விழாவிலும் பழைய கிரீன் ரிவர் ஆட்கள் ஒன்றாக வாசித்தார்கள். 2019இல் சப் பாப் அந்த இரண்டு பழைய தட்டுகளையும் விரிவாக்கி மறுபடி வெளியிட்டது. கைமுதல் இல்லாமல் ஒரு வருஷம் காத்துக் கிடந்த சரக்கு, முப்பது வருஷம் கழித்தும் விலைபோகிறது. எந்தக் கணக்கையும் அந்த வருஷத்து ஐந்தொகையோடு முடித்துவிடக் கூடாது.