சுடரை அடக்கிய உறை

கடல் நடுவே எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் மேடைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தில் பெரும் மோட்டார்கள் ஓடுகின்றன. கசியக்கூடிய வாயுவும் பொறி கிளப்பக்கூடிய மின்சாரமும் அங்கே அண்டை வீட்டார். இவ்விரண்டையும் அருகருகே வாழவைக்கும் அறிவு நிலக்கரிச் சுரங்கங்களின் இருளில் தொடங்கியது.

1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து, சிறுவர்கள் உட்பட 92 பேர் மாண்டனர். மூன்றாண்டுகள் கழித்து ஹம்ப்ரி டேவி, விளக்கின் சுடரைக் கம்பிவலையால் சூழ்ந்தார். வலைக்குள் வாயு எரியலாம். ஆனால் உலோகம் வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் சுடர் வெளியே தாவாது.

சுரங்கத்துக்குள் மின்சாரம் வந்தபோது இதே எண்ணம் இரும்பில் வார்க்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் கார்ல் பைலிங் என்ற பொறியாளர் மின்கருவிகளின் உறைகளுக்குள் வாயுக் கலவையை நிரப்பி, வேண்டுமென்றே வெடிக்கவைத்துச் சோதித்தார். மோட்டாரை முற்றாக அடைக்க இயலாது. சுழலும் தண்டு வெளிவரும் இடத்தில் இடுக்கு இருந்தே தீரும். சூடாகி ஆறும்போதெல்லாம் அது மூச்சிழுப்பதுபோல் வெளிக்காற்றை உள்ளிழுக்கும். எனவே உள்ளே வெடிக்கட்டும், உறை தாங்கட்டும், அகன்ற விளிம்புகளுக்கு இடையிலான மெல்லிய இடுக்கில் தழல் குளிர்ந்து அடங்கட்டும் என்பதே அந்தச் சிந்தனை. விபத்துக்கே ஓர் அறை ஒதுக்கித் தந்ததுபோல.

மிகப் பெரிய மோட்டார்களுக்கு இத்தகைய உறை சுமக்கமாட்டாத எடையாகிவிடும். அவற்றில் பலவற்றுக்குள் தூய காற்றை வெளியைவிடச் சற்றுக் கூடுதலான அழுத்தத்தில் நிறுத்துகிறார்கள். இயக்குமுன் உள்ளிருக்கும் வாயுவை ஊதி வெளியேற்றுகிறார்கள். உயர் மின்னழுத்தம் தன் பங்குக்கும் ஆபத்தைக் கொணர்கிறது. உப்பும் ஈரமும் படிந்த கம்பிச்சுருள்களின் காப்புறை மேல் நுண்ணிய மின்கசிவுகள் தோன்றலாம். மோட்டார் கிளம்பும் நொடிகளில் சுழலியில் பொறி பறக்கலாம். இவற்றையும் ஆராயுமாறு இன்றைய சர்வதேசத் தரவிதிகள் கோருகின்றன.

ஆயினும் உறை காப்பது தன்னுள் பிறக்கும் பொறியிலிருந்து மட்டுமே. 1988 ஜூலை 6 இரவு, வடகடலின் பைப்பர் ஆல்ஃபா மேடையில் 167 பேர் இறந்தனர். பராமரிப்பில் இருந்த ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி இரவுப் பணியாளர்களைச் சென்றடையவில்லை. மற்றொரு பம்பு நின்றுபோகவே, அவர்கள் அதை இயக்க முனைந்தார்கள். வாயு கசிந்து வெடித்தது. எண்ணெய்த் தீயைத் தாங்கக் கட்டப்பட்டிருந்த சுவர்கள் வெடிப்பின் அதிர்ச்சியில் சிதறின. வாயுவைப் பற்றவைத்தது எந்தப் பொறி என்பது உறுதியாகத் தெரியவரவில்லை.

கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990இல் 106 பரிந்துரைகளை முன்வைத்தது. விதிகளின் பட்டியலை நிறைவேற்றினால் போதும் என்ற நிலை மாறி, தன் மேடை பாதுகாப்பானது என்று காட்டும் பொறுப்பு அதை நடத்தும் நிறுவனத்தின் மேல் வைக்கப்பட்டது. பைலிங்கின் உறையும் அந்தப் பொறுப்பையே நம்பி நிற்கிறது. பராமரிப்புக்குப்பின் ஒரு திருகாணியை முடுக்க மறந்தால், சுடரை அடக்கும் அந்த உறை வெறும் இரும்புப் பெட்டி.