பிரபுவின் பெயர் தாங்கிய பேனாக்கத்தி

அரும்பொருள்களைச் சேகரிப்போர் என்றதும் பொற்காசுகளும் தந்தச் சிற்பங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் தச்சனும் உழவனும் பள்ளிச் சிறுவனும் பையில் இட்டுத் திரிந்த மலிவான மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்ப்போரும் உலகில் பலர் உளர். அவர்கள் விரும்பிச் சேர்க்கும் கத்திகளுள் ஜப்பானின் ஹிகோனோகாமி ஒன்று. அதன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

கோபே துறைமுகத்திற்கு வடமேற்கே மிகி என்னும் ஊர் உள்ளது. 1578 முதல் 1580 வரை ஹிதேயோஷியின் படை இவ்வூர்க் கோட்டையைச் சூழ்ந்து, உணவு உட்புகாது தடுத்துப் பணியவைத்தது. பாழான ஊரை மீண்டும் எழுப்பத் தச்சர்கள் வந்து கூடினர். அவர்களுக்கு உளியும் இழைப்புளியும் இரம்பமும் வேண்டியிருந்தமையால் கொல்லர்கள் பெருகினர். அன்று தொட்டு மிகி கருவிகளுக்குப் பேர்பெற்ற ஊராயிற்று.

1876-இல் மெய்ஜி அரசு, படையினர் முதலிய சிலரைத் தவிர ஏனையோர் வாள் தரித்துச் செல்வதைத் தடை செய்தது. இடுப்பை விட்டு வாள் இறங்கிய இருபது ஆண்டுகளுக்குள் மிகியில் இச்சிறு கத்தி பிறந்தது. தெற்கே கியூஷூ தீவில் மிகுதியாக விற்பனையானமையால், அத்தீவிலுள்ள ஹிகோ நாட்டின் பெயரை இதற்கு இட்டனர் என்பர். 'காமி' என்பது நாட்டை ஆள்வோரின் பழம் பட்டம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே சற்று நகை தோன்றுகிறது. 'ஹிகோ நாட்டதிபதி' என்று தமிழாக்கினால், பென்சில் சீவும் கத்தி என்று எவர் கொள்வார்?

இதன் அமைப்போ மிக எளிது. ஒரே உலோகத் தகட்டை மடித்தால் அதுவே பிடி. ஒரே ஆணியில் அலகு சுழலும். வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் அடியில் நீண்டிருக்கும் சிறு நாக்கைக் கட்டைவிரல் அழுத்திக்கொள்வதே அதற்குக் காவல். ஆணி தளர்ந்தால் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆயினும் நல்ல கத்திகளில் அலகு மட்டும் எளியதன்று: மெல்லிரும்பின் நடுவே கடினமான எஃகை வைத்து அடித்து இணைக்கும் முறை அதில் உண்டு. காசைப் பிடியில் செலவிடாது வாயில் செலவிட்டனர் கொல்லர். நம் மதிப்பில், மலிவுப் பொருளைச் செய்வதற்கு இதனினும் நேர்மையான வழி இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜப்பானியச் சிறுவர்கள் இதனால் பென்சில் சீவினர். மூங்கிலில் விளையாட்டுப் பொருள்கள் செய்தனர். இறகின் முனையைச் சீவிய காலத்தின் நினைவு நம் 'பேனாக்கத்தி' என்னும் சொல்லில் ஒட்டியிருப்பது போல, பென்சிலின் காலம் இக்கத்தியில் ஒட்டியிருக்கிறது.

1960 அக்டோபர் 12 அன்று டோக்கியோவின் ஹிபியா மண்டபத்தில், மேடையில் பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா இனெஜிரோவை 17 வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் கையில் இருந்தது குறுவாள், பேனாக்கத்தி அன்று. எனினும் சிறுவர் கையில் எவ்வகைக் கத்தியும் கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் வலுத்தது. இத்தகைய பழி நம் நாட்டுக்கும் புதிதன்று. இந்திப் படங்களின் தயவால் ராம்பூர்க் கத்தி அடைந்த அவப்பெயரை உத்தரப் பிரதேசத்தில் வாழும் நேயர்கள் அறிவர். பென்சில் சீவும் பொறிகளும் பள்ளிகளில் புகவே, மிகியில் உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. கொல்லர்கள் சங்கமாகக் கூடிப் பதிவு செய்த அப்பெயரை இன்று முறைப்படி பொறிக்கும் உரிமையோடு எஞ்சியிருப்பது நகாவோ குடும்பத்தின் பட்டறை ஒன்றே.

ஆதலின் சேகரிப்போர் முதலில் பார்ப்பது பிடியில் வெட்டிய எழுத்துகளைத்தான். மறைந்துபோன பட்டறைகளின் பெயர்கள் பல இப்போது அங்கேதான் காணக் கிடைக்கின்றன. புத்தம் புதிதாய்ப் பெட்டியில் உறங்கிய கத்தியைச் சிலர் நாடுவர். நாமோ, தீட்டித் தீட்டி அலகு பாதியாய்த் தேய்ந்ததையே முதலில் கையில் எடுப்போம். பித்தளைப் பிடியில் எவனோ ஒரு சிறுவன் ஆணியால் கீறிய தன் பெயரும் இருந்தால், அதற்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுப்போம்.