வானிலிருந்து காட்டை அளந்த கதை

அடர்ந்த காட்டினுள் நிற்பவனுக்கு மரத்தின் அடி தெரியும், நுனி தெரியாது. விமானத்திற் பறப்பவனுக்கு நுனி தெரியும், நிலம் தெரியாது. காட்டு இலாகாவினர் நெடுங்காலம் இவ்விரு குறைகளுக்கும் இடையில் நின்றே மரங்களை அளந்தனர். மரத்தினின்று சிறிது தொலைவு விலகி, நுனியை நோக்கும் கோணத்தைக் கண்டு, முக்கோணக் கணக்கால் உயரத்தைக் கூறுவார்கள். தழைகள் பின்னிக் கிடக்கும் வெப்பமண்டலக் காட்டிலோ, எது நுனி என்பதே ஐயத்திற்குரியது.

1960ஆம் ஆண்டில் தியோடோர் மைமன் என்ற அமெரிக்க அறிஞர் முதன்முதலாக லேசர் ஒளியை உண்டாக்கினார். அன்று அவர் காட்டை எண்ணியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. ஒளி, ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் செல்லும். விமானத்திலிருந்து விடுக்கும் ஒளித்துடிப்பில் ஒரு பகுதி உச்சித் தழையில் மோதி உடனே திரும்புகிறது; எஞ்சியது இலையிடுக்குகளில் நுழைந்து, தரையைத் தொட்டுச் சற்றே பிந்தி வருகிறது. அந்தத் தாமதத்திலிருந்து மரத்தின் உயரம் கணக்காகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாக் காடுகளின்மேல் இம்முறையைச் சோதித்த ராஸ் நெல்சனும் உடனுழைத்தோரும் 1984இல் முடிவுகளை வெளியிட்டனர். விமானப் படங்களால் கண்ட சராசரி உயரத்திற்கும் லேசர் காட்டியதற்கும் வேறுபாடு 1 மீட்டருக்கும் குறைவு. எனக்கு வியப்பளிப்பது அதுவன்று. தரையிலிருந்து வலுவான எதிரொளி வராத இடங்களை அவர்கள் பிழையென்று ஒதுக்கவில்லை. ஒளி புக முடியாத அளவிற்கு அங்கே தழை அடர்ந்திருக்கிறது என்று அறிந்து, அக்குறையையே அளவுகோலாக்கிக் கொண்டார்கள்.

அவர்கள் கண்டது விமானம் சென்ற ஒரே கோட்டை மட்டும். பின்னர் ஒளியைப் பக்கவாட்டில் வீசும் கருவிகள் வந்தன. காடு முழுவதும் படமாயிற்று. இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போர் எண்ணக்கூடும். உயரமும் அடர்த்தியும் தெரிந்தால் மரத்தின் எடையை மதிப்பிடலாம். ஒரு காட்டை வெட்டினால் எவ்வளவு கரி காற்றில் கலக்கும் என்பதையும் கணிக்கலாம்.

போர்னியோத் தீவின் சபா மாநிலத்தில், தானும் பள்ளத்தாக்கில் நெடிதோங்கிய மஞ்சள் மெராந்தி மரமொன்றை, 2018இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய லேசர்ப் பதிவில் கண்டனர். அதற்கு ‘மெனாரா’ என்று பெயர். மலாய் மொழியில் கோபுரம் என்பது பொருள். நம் பள்ளிவாசல்களின் ‘மினாரா’வும் அதே அரபுச் சொல்லின் வழி வந்ததே. ஆயினும் கருவியின் சொல்லை மட்டும் நம்பி அவர்கள் அமையவில்லை. 2019 ஜனவரியில் அவ்வூர் மரமேறி ஒருவர் உச்சிவரை ஏறி, அளவுநாடாவைத் தொங்கவிட்டார். 100.8 மீட்டர்!

அதன் எடை ஏறத்தாழ 81,500 கிலோகிராம் என்று மதிப்பிட்டனர். அதில் 95 விழுக்காடு அடிமரம். கிளையும் தழையும் 5 விழுக்காடே. வேர் இக்கணக்கில் சேரவில்லை. லேசர் ஒளி மண்ணுக்குள் செல்வதில்லை.